படிக்கத் தெரியாத பிள்ளைகளைப் பார்க்க வந்தேன்

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கியதுமே என் கழுத்தில் ஒரு ரோஜா மாலை விழுந்தது. போட்டவர் சண்முகம், நான் பார்க்க வந்திருந்த பள்ளியின் தலைமையாசிரியர். "ஃபாரின்லேர்ந்து எங்க ஸ்கூலத் தேடி வந்திருக்கீங்க. இதுகூட செய்யலன்னா எப்பிடி மேடம்?" என்றார். நடைமேடையில் நின்றவர்கள், நான் எந்தக் கட்சிக்காரி என்று தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. மலேசியாவில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு பத்தியை முழுசாக வாசிக்க வராது. அவர்கள் இடைநிலைப் பள்ளிக்குப் போவார்கள், அங்கே மலாய் பழகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்காருவார்கள், பிறகு ஒருநாள் கடைத்தெருவில் யாருடைய மோட்டார் சைக்கிளையோ கழுவிக்கொண்டிருப்பார்கள். வருடா வருடம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான், தொண்ணூறுகளின் கடைசியில், ஆசிரியர்களுக்கான ஒரு தமிழ் இதழில் கலைச்செல்வி என்பவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பத்து அரசுப் பள்ளியில் அவர் ஆசிரியை. குப்பத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சண்முகம் சார் பாவம். கலைச்செல்வி செய்தது சின்ன விஷயம். தினமும் ஒரு மணி நேரம் வகுப்புகளைக் கலைத்துவிடுவார். எழுத்தே தெரியாதவர்கள் ஒரு வட்டம், சொல் கூட்டத் தெரிந்தவர்கள் ஒரு வட்டம், வரி வாசிக்கிறவர்கள் ஒரு வட்டம். ஐந்தாம் வகுப்புப் பெண் இரண்டாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார நேர்ந்தால் உட்கார வேண்டியதுதான். பின்தங்கிக் கிடந்த பிள்ளைகள் ஒரு வருடத்துக்குள் எழுந்து வந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் பள்ளி விடுமுறையில், "போய் அந்த ஒரு மணி நேரத்தைப் பாத்துட்டு வாங்க, நமக்கும் ஆகுமான்னு" என்று என்னை அனுப்பினார் எங்கள் தலைமையாசிரியர்.

அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார்கள்.

முதல் நாள் இட்லியும் வடகறியும். அதில் குறையே சொல்ல முடியாது. எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்குத் தோய்த்துக்கொள்ள இந்த வடகறி மட்டும் கிடைத்தால் நான் வேறெதுவும் கேட்க மாட்டேன். கை கழுவி வந்ததும், "போற வழியில ஒரு எட்டு" என்று சொல்லி, வழியிலேயே இல்லாத ஒரு பெரிய பள்ளிக்கு அழைத்துப் போனார் சண்முகம். அங்கே மேடை, மைக், குத்துவிளக்கு. நெற்றியில் திருநீறும் தலையில் எண்ணெயும் மினுமினுக்கப் பதினைந்து பிள்ளைகள் வரிசையாக வந்து ஆங்கிலத்தில் பொளந்து கட்டினார்கள். முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்று ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்தார்கள். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பங்குனி வெயிலில் சரிகை வைத்த பொன்னாடை எதற்கு என்று யாராவது ஒருவர் எனக்கு விளக்கினால் தேவலை.

"ரொம்ப நல்லா படிக்கிறாங்க. படிக்கத் தடுமாறுற பிள்ளைங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கழிப்பறை எங்கே என்று மைக்கில் கேட்டிருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டார்கள். "எங்க ஸ்கூல்ல அப்பிடி யாரும் இல்லீங்க மேடம்" என்றார் ஒருவர், எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில்.

மத்தியானம் மாமல்லபுரம். பாறையைப் பார்த்தேன், இன்னொரு பாறையைப் பார்த்தேன், உருளாமல் நிற்கும் உருண்டைப் பாறையின் அடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். "சார், குப்பத்துப் பள்ளிக்கு எப்ப போறோம்?" என்று நான் கேட்கும்போதெல்லாம் சண்முகம் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வயிறு முழுக்க இளநீர்.

தங்கியது அணுபுரத்தில், சித்தப்பா மகள் வசந்தா வீட்டில். அவள் கணவர் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறார். வரிசை வரிசையாகக் குடியிருப்புகள், வேப்பமரங்கள், ஒழுங்கான சாலைகள். பக்கத்து வீடு தஞ்சாவூர், எதிர்வீடு நாகர்கோவில், மாடியில் கோயம்புத்தூர். எல்லா வீட்டிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும்போலிருந்தது. வசந்தா மகன் காலையில் கணக்கு டியூஷன், சாயங்காலம் இயற்பியல் டியூஷன், நடுவில் பள்ளிக்கூடம். சாப்பிடும்போதுகூட அவன் அம்மா வாய்ப்பாடு கேட்பதுபோல வேதியியல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ பாக்கணும்னா இங்க உள்ள ஸ்கூலப் பாருக்கா. அந்தக் குப்பத்துல இன்னா இருக்கு?" என்றாள் வசந்தா. இங்கே வந்து பத்து வருடத்தில் அவளுக்கும் 'இன்னா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"படிக்கத் தெரியாத பிள்ளைங்க இருக்காங்க" என்றேன்.

"அதப் பாக்கவா கடல் தாண்டி வந்த?"

எனக்குக் கோபம் வந்தது. தங்கச்சி வீட்டில் சாப்பிட்ட கையோடு சண்டை போடக்கூடாது என்று ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் சண்முகத்துக்குச் சொல்லாமல் விடிந்ததும் கிளம்பினேன். மாமல்லபுரத்தில் பஸ் மாறி உட்கார்ந்து, அப்பாடா என்று ஜன்னலில் சாய்ந்தபோது, வண்டிக்கடியில் பட்டென்று ஒரு சத்தம்.

"எல்லாம் எறங்கு. டயரு பூட்ச்சி" என்றார் கண்டக்டர்.

"ஸ்டெப்னி கீதா அண்ணாத்த?" என்று ஒரு இளவட்டம் கேட்டான்.

"கீது. அதுவும் பஞ்சரு."

யாரும் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சவுக்குத் தோப்பு நிழலில் போய் உட்கார்ந்து, பூ தொடுக்கிறவர்கள் பூ தொடுத்தார்கள், பீடி பற்றவைக்கிறவர்கள் பற்றவைத்தார்கள். பெரிய கூடையோடு இருந்த ஒரு அம்மா எனக்கு ஒரு நுங்கை நீட்டி, "துன்னும்மா. கோச்சிக்கினா மட்டும் வண்டி ஓடிடுமா?" என்றாள். எங்கள் ஊரில் பஸ் பத்து நிமிடம் தாமதமானால் பத்திரிகைக்குக் கடிதம் போடுகிற ஆள் நான். நுங்கைத் தின்றுவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

பள்ளிக்குள் நுழைந்தபோது வகுப்புகளில் பாதிப் பெஞ்சு காலி. ஒரு பையன் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினான். போனேன். படகுகள் கரையேறியிருந்தன. வலையிலிருந்து மீன் உதிர்ப்பதும், ஏலமும், காக்கையும், கூச்சலுமாக இருந்தது. அதற்கு நடுவே, தோளில் பையும் கையில் செருப்புமாக, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் கலைச்செல்வி. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலும் இரண்டு பஸ்ஸும் பிடித்து வருகிறார். பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே கரைக்கு வந்துவிட்டு, பிறகுதான் பள்ளிக்குப் போவாராம்.

"ஏலம் முடியற வரைக்கும் பொம்பளப் பிள்ளைங்க வரமாட்டாங்க. அம்மாவுக்குக் கூடை தூக்கணும், ஐஸ் போடணும், தம்பியப் பாத்துக்கணும்" என்றார். "இவ்வளவு வருஷமும் தமிழ் வாசிப்பு முதல் பீரியட். வாசிப்பு யாருக்கு வேணுமோ அவங்க இங்க மீனோட நிப்பாங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்க அங்க உக்காந்து மறுபடி வாசிப்பாங்க. அதான் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்னு மாத்தினேன். வட்டமா உக்கார வெச்சதவிட அதாங்க முக்கியம்."

கட்டுரையில் இது இல்லையே என்று கேட்டேன். இதழ்க்காரர்கள் இடமில்லை என்று அந்தப் பத்தியை வெட்டிவிட்டார்களாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. எங்கள் தோட்டத்திலும் ரப்பர் பால் எடுக்கப் பால்மரத்துக்குப் போகும் தாய்க்குத் துணையாகப் போய்விட்டுத்தான் சில பிள்ளைகள் அரக்கப் பரக்க வருவார்கள். எங்களுக்கும் வாசிப்பு முதல் பாடம்தான்.

கன்னியம்மாவை அங்கேதான் பார்த்தேன். சங்கரா மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் பவானி, ஐந்தாம் வகுப்பு, ஐஸை உடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் சில வாரத்தில் பள்ளி ஆண்டு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும். கன்னியம்மா மகளை அங்கே அனுப்புவதாக இல்லை. இறால் உரிக்கும் கொட்டகையில் பேசி வைத்துவிட்டாள்.

"நீயே சொல்லும்மா" என்று என்னிடம் நியாயம் கேட்டாள். "அஞ்சு வருசமா போய்க்கினு கீறா. போன வருசம் பஸ்ஸு போர்டப் படிச்சி சொல்லுடின்னேன். கேளம்பாக்கம்னு சொல்லி ஏத்திவுட்டா. பாத்தா திருக்கழுக்குன்றம் பூட்டேன். ஒரு கூட மீனும் நாறிப்போச்சி. இன்னாத்தப் படிக்கிறா இவ?"

"அது போன வருஷம் கன்னியம்மா. இப்ப வாசிக்கிறா" என்றார் கலைச்செல்வி.

"நீ சொல்ற டீச்சர். நான் கேக்கலியே. நாளைக்கி விழாவுல எல்லார் எதிர்லயும் படிக்கட்டும். என் காதால கேட்டன்னா ஆறாவதுக்கு அனுப்பறேன். இல்லன்னா கொட்டாய்க்குத்தான். இட்டுக்கினு போக வேன் வந்துடும்."

பவானி ஐஸை உடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

அன்று மத்தியானம் சத்துணவில் சாம்பார் சோறும் முட்டையும். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். சண்முகம் பதறிப்போய், எனக்கென்று மாமல்லபுரத்திலிருந்து வரவழைத்த பரோட்டாப் பொட்டலத்தோடு ஓடிவந்தார். பரோட்டாவைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, இப்போதாவது அந்த ஒரு மணி நேரம் தொடங்கும் என்று காத்திருந்தேன்.

தொடங்கவில்லை. "இந்த வாரம் அதெல்லாம் ஸ்டாப் பண்ணியாச்சு மேடம். உங்க வரவேற்பு விழாவுக்கு ரிகர்சல் நடக்குதில்ல?" என்றார் சண்முகம், மகிழ்ச்சியாக.

ஒரு வகுப்பைப் பார்க்க நான் வருகிறேன். என் வருகையைக் கொண்டாட அந்த வகுப்பையே நிறுத்திவிட்டார்கள்! இதில் அந்த மனிதரிடம் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. விருந்தாளி வந்தால் நல்ல பாயை விரிக்கிறோம், நசுங்கிய டம்ளரை உள்ளே வைக்கிறோம். அவருக்கு நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நல்ல பாய், மற்றவர்கள் நசுங்கிய டம்ளர். இப்படி நல்ல மனதோடு கழுத்தை அறுப்பவர்களிடம் கத்தவும் முடியாது. கலைச்செல்வியைப் பார்த்தேன். அவர் வரவேற்பு நடனத்துக்குக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விழா. பள்ளி முற்றத்தில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. கரையிலிருந்து அப்படியே வந்த பெண்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மா கூடையை வெளியே வைத்துவிட்டு முகம் கழுவி, பொட்டு வைத்து வந்திருந்தாள். எனக்கு மறுபடியும் பொன்னாடை. போர்த்தி முடிக்கவில்லை, எதிர்பாராமல் ஒரு ஜீப் வந்து நின்றது. கல்வி அதிகாரி. பள்ளியிடம் இருந்தது ஒரே பொன்னாடை. சண்முகம் என் காதருகே வந்து, "மேடம், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி அதை உருவிக்கொண்டு போய் அவருக்குப் போர்த்தினார். வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

பிறகு 'வாசிப்புத் திறன்'. முன்வரிசையில் பளிச்சென்று சீருடை போட்ட ஆறு பிள்ளைகள். முதல் பையன் எழுந்து புத்தகத்தை விரித்து கணீரென்று வாசித்தான். கடற்காற்று ஒரு வீச்சு வீசியது. பக்கங்கள் படபடவென்று புரண்டு எங்கேயோ போய் நின்றன. பையன் நிறுத்தவே இல்லை. அதே பாடத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்து, வணக்கம் வைத்தான். பந்தல் அதிரக் கைதட்டல். அதிகாரி என் பக்கம் சாய்ந்து, "என்ன ஃப்ளோ பாத்தீங்களா?" என்றார்.

இரண்டாவது பெண்ணும் அதே பாடம். மூன்றாவதும் அதே பாடம். பவானியைக் காணவில்லை. பின்னால் கன்னியம்மா கழுத்தை நீட்டி நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது பிள்ளையும் உட்கார்ந்ததும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

இனிமேல் விருந்தாளி மாதிரி இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. மைக்கைப் பிடுங்கினேன். "பவானி எங்க?" என்று கேட்டேன்.

சண்முகம் என் முழங்கையைத் தொட்டார். "அது கொஞ்சம் மக்கு மேடம். அந்தப் பசங்கள சத்துணவுக் கொட்டாயில உக்காரவெச்சிருக்கோம். சத்தம் போடாம இருக்காங்க."

மைக் அணைக்கப்படவில்லை. பந்தல் முழுக்கக் கேட்டது.

"அந்தப் பிள்ளைங்களப் பாக்கத்தான் சார் நான் வந்தேன்" என்றேன். கலைச்செல்வி அதற்குள் காகிதப் பூக்களைத் தள்ளிவிட்டுச் சத்துணவுக் கொட்டகைக்கு ஓடிவிட்டார்.

பவானி வந்தாள். கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகம். அதைப் பார்த்து சண்முகத்துக்கு வியர்த்துவிட்டது. "ஆபீசர் எதிர்லயா? அஞ்சாவது பொண்ணு ரெண்டாவது புக்கா?" என்று முணுமுணுத்து, அதை வாங்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திணித்தார். கலைச்செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பவானி ஒரு பக்கத்தை விரித்து, காற்றில் புரளாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

வாசித்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டி, சொல்லாக்கி, தப்பென்று தெரிந்தால் திரும்பிப் போய்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு. ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பந்தலில் யாருக்கும் தெரிந்திருக்காது. முன்வரிசைப் பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். 'விவசாயிகளுக்கு' என்ற சொல்லில் மூன்று தடவை விழுந்து, நான்காவது தடவை கரையேறினாள். பாதிப் பத்தியில் அதிகாரி, அவளைக் காப்பாற்றும் எண்ணத்தில், "வெரி குட்மா, போதும், போதும்" என்று கை தட்டினார். அவர் தட்டியதால் சண்முகம் தட்டினார். சண்முகம் தட்டியதால் பந்தலே தட்டியது. பவானியின் குரல் அதில் அமுங்கிப்போய் நின்றது.

"இன்னாத்துக்கு இப்பக் கை தட்றீங்க?"

கன்னியம்மா. ஏலத்தில் கூவும் குரல். அதற்கு மைக் வேண்டியதில்லை. "இன்னும் கீது இல்ல? புள்ள படிச்சிக்கினு கீறா. முடிக்கட்டும்!"

கைகள் நின்றன. பவானி விரலை வைத்து விட்ட இடத்தைத் தேடினாள். கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். யாரும் தட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

அதிகாரிக்கு உண்மையிலேயே மனம் இளகிவிட்டது. கலைச்செல்வியை அழைத்து விசாரித்தார், ஒரு மணி நேர வகுப்பைப் பற்றி முழுவதும் கேட்டார். பிறகு மைக்கில் சொன்னார்: "எக்ஸலண்ட் முயற்சி. இத நிறுத்தவே கூடாது. ஆனா மத்தியானம் எதுக்கு? சாப்பிட்டு பசங்க தூங்கி வழிவாங்க. ஹெட்மாஸ்டர், நாளையிலேர்ந்து ஃபர்ஸ்ட் பீரியட்ல வெச்சிடுங்க. காலையில மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

"கண்டிப்பா சார்" என்றார் சண்முகம்.

நான் எழுந்து, காலையில் அந்தப் பிள்ளைகள் கரையில் இருப்பார்கள் என்றேன். கலைச்செல்வியும் சொன்னார். அதிகாரி தலையாட்டிக் கேட்டார். "அப்பா அம்மாவுக்கு ஒரு விழிப்புணர்வு மீட்டிங் போட்டுடுவோம்" என்றார். அவருக்கு இன்னும் இரண்டு விழா பாக்கி இருந்தது. ஜீப் கிளம்பியபோது பொன்னாடையின் ஒரு முனை கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கலைச்செல்வி புத்தகங்களை அடுக்கினார், அடுக்கியதைக் கலைத்தார், மறுபடி அடுக்கினார். ஒரு வருடம் அலைந்து மாற்றிய நேரத்தை ஒரு நல்ல மனிதர் ஒரு நிமிடத்தில் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

பெண்கள் கலைந்து போனார்கள். கன்னியம்மா வெளியே வைத்திருந்த கூடையை எடுத்தாள். பழக்கத்தில் பவானி கூடையின் மறுபக்கத்தைப் பிடிக்கக் குனிந்தாள். அவள் கையைத் தாய் தட்டிவிட்டாள்.

"வுடு. நாளைலேர்ந்து காலைல நீ கரைக்கி வராத. டீச்சர் பஸ்ஸு வர்ற நேரத்துக்கு ஸ்கூலு வாசல்ல போய் நில்லு."

"கூடைய யாரு தூக்குவா?" என்றாள் பவானி.

கன்னியம்மா கீழே உட்கார்ந்து, கூடையைத் தொடைமேல் ஏற்றி, மூச்சைப் பிடித்து, தனியாகவே தலைக்குத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.